மாதவிடாய் நிற்கும் பருவம்: எங்கே தொடங்குவது, யாரிடம் போவது, எதற்கு அவசரப்படக்கூடாது

நாற்பதைத் தாண்டிய பெண்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைவதை நம் கொங்குப் பக்கத்து ஊர்களில் நிறையப் பார்க்கிறேன். நெஞ்சு படபடக்கிறது என்று இதய டாக்டரிடம் ஈசிஜி. முட்டி வலிக்கு எலும்பு டாக்டர். தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு மாத்திரை. முகம் சிவந்து வேர்த்தால் உடம்பு சூடு என்று இளநீர். ஈசிஜி எடுத்தது தப்பில்லை, எடுக்கத்தான் வேண்டும். ஆனால் எல்லா ரிப்போர்ட்டும் நன்றாக இருந்து, "உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க" என்று எல்லோரும் சொல்லி அனுப்பிய பிறகும் அந்த அம்மாவுக்குத் தொந்தரவு அப்படியே இருக்கும். மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று மட்டும் ஒருவரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவரும் சொல்லியிருக்கமாட்டார்.

இந்தத் தொந்தரவுகளில் பெரும்பாலானவை மாதவிடாய் நிற்கும் பருவம் என்ற ஒரே வேரிலிருந்து வருபவை. அதனால் உறுப்பு உறுப்பாகப் பிரித்துப் பார்க்காமல், ஆளை முழுதாகப் பார்க்கவேண்டும். அதை எப்படிச் செய்வது என்று, இப்போதுதான் இந்தப் பருவத்துக்குள் நுழைகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது

கருமுட்டை உருவாகும் சினைப்பை மெதுவாக வேலையைக் குறைக்கிறது. அங்கே சுரக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் ஒரே சீராக இறங்குவதில்லை. ஒரு மாதம் ஏறும், அடுத்த மாதம் சரியும். இந்த ஏற்ற இறக்கக் காலம் சில ஆண்டுகள் நீடிக்கும். பிறகு தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வரவில்லை என்றால் நின்றுவிட்டது என்று கணக்கு. இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் நிற்கிறது. அதற்குச் சில ஆண்டுகள் முன்னால், 40 வயதை ஒட்டியே மாற்றங்கள் ஆரம்பித்துவிடலாம். 40 வயதுக்கு முன்பே நின்றால் அது இயல்பானதல்ல, உடனே மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டுமான சமாச்சாரம் இல்லை. மூளையில் உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் பகுதி, தூக்கம், எலும்பு, மூட்டு, ரத்தக்குழாய், சிறுநீர்ப்பை, தோல் எல்லாவற்றிலும் அதற்கு வேலை உண்டு. அதனால்தான் தொந்தரவு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை வருகிறது.

1. மூன்று மாதம் காலண்டரில் குறியுங்கள்

மருத்துவரிடம் போவதற்கு முன் செய்யவேண்டிய வேலை இது. அடுப்படியில் தொங்குகிற மாதக் காலண்டர் போதும், பால் கணக்கு எழுதுகிற அதே காலண்டர். ரத்தப்போக்கு இருந்த நாளுக்கு ஒரு வட்டம், அதிகமாக இருந்தால் இரண்டு வட்டம். வெக்கை வந்து வேர்த்தால் ஒரு புள்ளி. ராத்திரி தூக்கம் கெட்டால் ஒரு கோடு. மனசு சரியில்லாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. வேறு யாருக்கும் புரியவேண்டியதில்லை.

பழைய தேதி நினைவில்லாவிட்டால் நோம்பியை வைத்து யோசியுங்கள். ஆடிப் பதினெட்டுக்குக் கோயிலுக்குப் போக முடியாமல் போனது, பண்ணாரி குண்டத்துக்கு விரதம் இருக்கும்போது வந்துவிட்டது என்று நம் பெண்களுக்கு அது கட்டாயம் ஞாபகம் இருக்கும்.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லவேண்டும். நோம்பிக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கிப் போடுகிற பழக்கம் இங்கே அதிகம். நாற்பதுக்கு மேல் அதைச் செய்யாதீர்கள். ஏற்கனவே குழம்பியிருக்கும் சுழற்சி இன்னும் குழம்பும், எந்த ரத்தப்போக்கு இயல்பாக வந்தது, எது மாத்திரையால் வந்தது என்று டாக்டராலும் சொல்ல முடியாது. ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு அந்த மாத்திரையே கூடாது. போட்டிருந்தால் அதையும் காலண்டரில் எழுதி வையுங்கள்.

2. மூன்று மாதம் காத்திருக்கக்கூடாதவை

மாதவிடாய் நின்று ஓராண்டு ஆன பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். "திரும்ப வந்துடுச்சு, உடம்பு நல்லா இருக்குது" என்று சந்தோஷப்படுகிற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன். பல நேரம் சாதாரணக் காரணமாக இருக்கும், ஆனால் கர்ப்பப்பை உட்சுவரில் வரும் புற்றுநோயின் முதல் அறிகுறியும் இதுதான். சீக்கிரம் கண்டால் நன்றாகக் குணப்படுத்தலாம்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைவது, பெரிய ரத்தக் கட்டிகளாகப் போவது, ஏழு நாளைத் தாண்டியும் நிற்காதது, உறவுக்குப் பிறகு ரத்தம், மார்பில் கட்டி, படபடப்போடு நெஞ்சுவலி அல்லது மூச்சுத்திணறல், வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் ஆகியவற்றுக்கும் காலண்டர் நிரம்பும் வரை காத்திருக்கவேண்டாம். நெஞ்சுவலியும் மூச்சுத்திணறலும் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள்.

3. ஒரே டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள்

முதல் நிறுத்தம் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம். 30 வயதைத் தாண்டிய பெண்களுக்கு ரத்த அழுத்தம், சர்க்கரை, மார்பகம், கர்ப்பப்பை வாய் ஆகிய பரிசோதனைகளை அங்கே இலவசமாகச் செய்கிறார்கள். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-இல் தொடங்கியதிலிருந்து சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. மாத்திரை கொண்டுவரும் பணியாளரிடமே விவரம் கேட்கலாம். அடுத்த கட்டத்துக்கு மகப்பேறு மருத்துவர். கோவை, திருப்பூர், கரூர், நாமக்கல், பெருந்துறை என்று எல்லாப் பக்கமும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் பாதி மறந்துவிடும், மீதியைச் சொல்லக் கூச்சம் விடாது. அதனால் துண்டுச் சீட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். இப்படி இருந்தால் போதும்:

"வயசு 47. கடைசியாத் தலைக்கு ஊத்துனது ஆடி 18. அதுக்கு முந்தி 50 நாள் கழிச்சு வந்துச்சு. ராத்திரி வேர்த்து எந்திரிக்கறேன். முட்டி வலி. இருமுனா யூரின் கசியுது. சர்க்கரை மாத்திரை காலைல ஒண்ணு. அம்மாவுக்கு மார்புல கட்டி ஆபரேசன் ஆச்சு. எனக்கு முக்கியமாச் சரியாகோணும்னா தூக்கம்."

கடைசி வரி முக்கியம். எது உங்களை அதிகம் படுத்துகிறதோ அதிலிருந்து மருத்துவம் தொடங்கட்டும்.

கேட்கவேண்டிய பரிசோதனைகள்: ஹீமோகுளோபின் (12-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை), தைராய்டு, சர்க்கரை, கொழுப்பு, தேவைப்பட்டால் வைட்டமின் டி, வயிற்று ஸ்கேன். தைராய்டை விட்டுவிடாதீர்கள். சோர்வு, படபடப்பு, வேர்வை, எடை, மாதவிடாய்க் குழப்பம் என்று அதன் அறிகுறிகள் அப்படியே இந்தப் பருவத்தின் அறிகுறிகள்தான். 45 வயதுக்கு மேல், அறிகுறிகள் தெளிவாக இருக்கும்போது ஹார்மோன் அளவைப் பார்க்கும் எஃப்எஸ்ஹெச் டெஸ்ட் பொதுவாகத் தேவையில்லை. இந்த ஏற்ற இறக்கக் காலத்தில் அது இன்றைக்கு ஒன்று காட்டும், அடுத்த வாரம் வேறொன்று காட்டும்.

4. "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்றால்

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ரத்தப்போக்கு அதிகம் என்று போன பெண், அடுத்த வாரமே கர்ப்பப்பை இல்லாமல் திரும்பி வருவது நம் பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. "புள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்று வீட்டிலும் சொல்கிறார்கள். புற்றுநோய், மிகப்பெரிய கட்டி, எந்த மருந்துக்கும் அடங்காத ரத்தப்போக்கு என்றால் எடுக்கத்தான் வேண்டும். மற்றவர்களுக்கு அது கடைசி வழி.

அதற்கு முன்னால் உள்ள வழிகள்: ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை, ஹார்மோன் மாத்திரை, காப்பர்-டி போலக் கர்ப்பப்பைக்குள் வைக்கும், ஆனால் செம்புக்குப் பதில் ஹார்மோன் உள்ள சாதனம். 45 வயதுக்கு மேல் ரத்தப்போக்கு மாறினால் உட்சுவரிலிருந்து சிறிது சதை எடுத்துச் சோதிப்பதும் அவசியம். அந்த ரிசல்ட் வராமல் ஆபரேசன் பற்றிப் பேசவே வேண்டாம். அவசர நிலை இல்லையென்றால் இன்னொரு மருத்துவரிடம் கருத்துக் கேளுங்கள். எந்த நல்ல டாக்டரும் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

எடுத்தே ஆகவேண்டும் என்றால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: "சினைப்பையை விட்டுவைப்பீங்களா, அதையும் எடுப்பீங்களா?" கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால் மாதவிடாய் வராது, ஆனால் சினைப்பை தொடர்ந்து வேலை செய்யும். இரண்டு சினைப்பையையும் எடுத்தால், ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கவேண்டியது ஒரே நாளில் நடந்துவிடும். வெக்கை கடுமையாக வரும், எலும்பும் இதயமும் சீக்கிரம் பாதிக்கப்படும். 45 வயதுக்குள் அப்படி எடுத்தவர்கள், வேறு தடை இல்லாவிட்டால், ஹார்மோன் மருந்து எடுத்துக்கொள்ளவேண்டியிருக்கும். ஏற்கனவே ஆபரேசன் ஆனவர்கள் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து, எதை எடுத்தார்கள் என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

5. வெக்கையும் தூக்கமும்

வெக்கை பொதுவாகச் சில நிமிடங்கள்தான் இருக்கும். நெஞ்சிலிருந்து கழுத்து, முகம் என்று ஏறி, வேர்த்து, பிறகு குளிரும். பலருக்கு நான்கைந்து ஆண்டுகள் தொடரும், சிலருக்கு ஏழு ஆண்டுக்கு மேலும் போகும். சித்திரை, வைகாசியில் ஈரோடும் கரூரும் 40 டிகிரியைத் தொடும்போது இது இரட்டை வேதனை.

பாலியெஸ்டர் நைட்டியை ஒதுக்கிவிட்டுப் பருத்திக்கு மாறுங்கள். படுக்கையில் ரப்பர் ஷீட், வெல்வெட் போர்வை வேண்டாம். சென்னிமலைப் பருத்தி விரிப்பு ஒன்று விரித்து, மாற்றுவதற்கு இன்னொன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் நடுராத்திரி எழுந்து பீரோவைத் துழாவவேண்டியதில்லை. கொதிக்கக் கொதிக்க டீ, அதிகக் காரம் இரண்டும் சிலருக்கு வெக்கையைக் கிளப்பும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம். தூக்கமும் தேறும்.

கொள்ளு சூடு, எள்ளு சூடு, பப்பாளி சூடு என்று ஒவ்வொன்றாக நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். சாப்பிட்ட அன்று புள்ளி கூடுகிறதா என்று காலண்டரைப் பாருங்கள். கூடவில்லை என்றால் தாராளமாகச் சாப்பிடுங்கள், இந்த வயதில் அவை வேண்டிய உணவுகள்.

பலமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாதவிடாய் நின்ற பிறகு தூக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு பெண்களுக்கு அதிகமாகிறது. தூக்க மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள்.

6. தட்டில் என்ன இருக்கவேண்டும்

மாதவிடாய் நின்ற முதல் சில ஆண்டுகளில்தான் எலும்பு வேகமாகக் கரைகிறது. அப்போது வலி எதுவும் தெரியாது. எழுபது வயதில் பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிகிறதே, அதன் ஆரம்பம் இங்கே இருக்கிறது.

மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) சொல்கிறது. மாத்திரைக்கு முன் நம் அடுப்படியைப் பார்க்கலாம். 100 கிராம் ராகி மாவில் கிண்டிய களியில் சுமார் 350 கிடைக்கும். பால், தயிர் எல்லாம் சேர்த்து 400 மில்லி போனால் 480 வரை. ஒரு கை முருங்கைக்கீரையில் 150. எள்ளுருண்டை ஒன்றில் 100 சேரும். கூட்டிப் பாருங்கள், ஆயிரத்தைத் தாண்டிவிடும். அம்மாயி காலத்தில் களியும் கம்பங்கூழும் தினப்படிச் சோறு. இப்போது காலையில் இட்லி, மத்தியானம் வெள்ளைச் சோறு, ராத்திரி தோசை என்று ஆகிவிட்டது. வாரத்தில் நான்கு நாளாவது ராகியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது புரதம். வீட்டில் எல்லோருக்கும் போட்டுவிட்டு மிச்சக் குழம்பை ஊற்றிச் சாப்பிடும் பழக்கத்தில் பெண்களுக்குப் பருப்பே சேர்வதில்லை. கடைந்த பச்சைப்பயறு, கொள்ளுப் பருப்பு, தட்டைப்பயறு, நிலக்கடலை, முட்டை என்று ஒவ்வொரு வேளையும் ஏதாவது ஒன்று உங்கள் தட்டில் விழவேண்டும். அரிசிம்பருப்புச் சோறு ஆக்கும்போது பருப்பைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பிட்ட உடனே டீ குடிக்கவேண்டாம், ஒரு மணி நேரம் போகட்டும். டீ இரும்புச்சத்தைச் சேரவிடாது.

வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்றாலும் வைட்டமின் டி குறைவு இங்கே சாதாரணம். தோட்டத்தில் வேலை செய்கிறவர் முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் போட்டிருப்பார். கம்பெனிக்குப் போகிறவர் வெயிலையே பார்ப்பதில்லை. டெஸ்ட் செய்து, டாக்டர் சொல்லும் அளவில் மட்டும் மாத்திரை எடுங்கள்.

7. வேலை வேறு, உடற்பயிற்சி வேறு

"நாள் பூரா வேலைதானுங்க, இதுல வேற எக்சர்சைஸா?" என்ற கேள்வி நியாயமானது. ஆனால் தையல் மெஷின் முன் பத்து மணி நேரம் உட்கார்வதும், குனிந்தே களை எடுப்பதும் உடம்பை அசத்துமே தவிர எலும்புக்கும் எல்லாத் தசைகளுக்கும் வேண்டிய பளுவைக் கொடுப்பதில்லை. வாரத்துக்கு 150 நிமிட வேக நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, இரண்டு தண்ணீர்ப் பாட்டிலைத் தூக்கி இறக்குவது ஆகியவை வீட்டிலேயே முடியும்.

உங்கள் ஊரில் வள்ளிக்கும்மிக் குழு இருந்தால் சேர்ந்துவிடுங்கள். காலை மிதித்து, குனிந்து நிமிர்ந்து ஆடும் ஆட்டம் எலும்புக்கு நல்லது, நாலு பெண்களோடு சிரித்துப் பேசுவது மனசுக்கு நல்லது. முட்டி வலி இருந்தால் மெதுவாகத் தொடங்குங்கள்.

8. வெளியே சொல்லாத தொந்தரவுகள்

பிறப்புறுப்பு வறட்சி, எரிச்சல், உறவின்போது வலி, அடிக்கடி சிறுநீர்த் தொற்று. வெக்கை நாளாவட்டத்தில் அடங்கிவிடும், இவை தானாக அடங்குவதில்லை, போகப்போகக் கூடும். சொல்லக் கூச்சப்பட்டு, புருஷனுக்கும் காரணம் தெரியாமல், இருவரும் தனித்தனி அறையில் படுக்க ஆரம்பித்த குடும்பங்கள் உண்டு. இதற்கு நல்ல மருந்து இருக்கிறது. உறவின்போது பயன்படுத்தும் வழவழப்பு ஜெல், ஈரப்பதம் தரும் களிம்பு, அவை போதாவிட்டால் டாக்டர் எழுதித் தரும் ஈஸ்ட்ரோஜன் களிம்பு. அந்தக் களிம்பு அந்த இடத்தில்தான் வேலை செய்கிறது, ரத்தத்தில் சேர்வது மிகக் குறைவு. சோப்பு போட்டு உள்ளே கழுவாதீர்கள்.

இருமினால், தும்மினால் கசிகிறதா? சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் கீழ்த்தசைகளை இறுக்கி ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. மூன்று மாதம் விடாமல் செய்தால் பலருக்குக் குறைகிறது. பஸ்ஸில் உட்கார்ந்தபடியே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேசன் செய்யாதவர்களுக்கு ஒரு விஷயம். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்தாலும் கரு தங்கலாம். 50 வயதுக்குள் நின்றால் இரண்டு ஆண்டும், 50-க்கு மேல் நின்றால் ஓராண்டும் கருத்தடை தொடரவேண்டும்.

9. மனசு

எரிச்சலும் அழுகையும் மறதியும் உங்கள் குணம் கெட்டுப்போனதால் வருபவை அல்ல. முன்பு மனச்சோர்வு இருந்தவர்களுக்கு இந்தக் காலத்தில் அது திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் காலேஜுக்கு, வேலைக்கு என்று வெளியூர் போவதும், மாமனார் மாமியார் படுக்கையில் விழுவதும் சரியாக இதே வயதில்தான் நடக்கின்றன. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள். மத்திய அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.

10. ஹார்மோன் மருந்து

வெக்கைக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை. ஆனாலும் கேட்டதும் "கேன்சர் வந்துரும்" என்கிறார்கள். அந்தப் பயம் 2002-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து பரவியது. அதில் கலந்துகொண்ட பெண்களின் சராசரி வயது 63. பிறகு வயது வாரியாகப் பிரித்துப் பார்த்தபோது படம் மாறியது. 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்தாண்டுக்குள், கடும் தொந்தரவுள்ள ஆரோக்கியமான பெண்கள் தொடங்கினால் பெரும்பாலும் நன்மையே அதிகம். ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டிரோன் வகை ஹார்மோனும் சேர்ந்த மருந்தைப் பல ஆண்டுகள் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சற்றுக் கூடுகிறது.

கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனை மட்டும் எடுக்கக்கூடாது, கூடவே புரோஜெஸ்டிரோன் வகையும் வேண்டும். மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்கட்டி, கல்லீரல் நோய், காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் இந்த மருந்து பொதுவாக ஆகாது. தோலில் தடவும் ஜெல்லில் ரத்தம் உறையும் ஆபத்து மாத்திரையைவிடக் குறைவு. ஹார்மோன் ஒத்துவராதவர்களுக்கு, மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் குறைந்த அளவில் வெக்கையைக் குறைக்கும். எதைத் தொடங்கினாலும் மூன்று மாதத்தில் காலண்டரோடு திரும்பப் போய்க் காட்டுங்கள்.

சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் அரசு மருத்துவமனையிலுள்ள சித்தப் பிரிவுக்குப் போங்கள். லேபிள் இல்லாத லேகியம், சந்தையில் விற்கும் சூரணம் வேண்டாம். இரண்டு பக்க மருத்துவரிடமும் இரண்டு பக்க மருந்தையும் சொல்லிவிடவேண்டும்.

11. வீட்டிலும் கம்பெனியிலும்

வீட்டில் சொல்லாமல் சமாளிக்கப் பார்க்காதீர்கள். நீண்ட பேச்சு தேவையில்லை. "ஏனுங்க, எனக்கு மாசம் நிக்கற நேரமுங்க. ராத்திரி தூக்கமில்லை, அதுல கோவம் வருது. ஆஸ்பத்திரிக்குப் போகோணும், நீங்களும் கூட வாங்க." இவ்வளவு போதும். கூட வந்த கணவர் டாக்டர் வாயாலேயே கேட்டுவிட்டால் பாதிச் சண்டை குறையும். "நாங்கெல்லாம் இதுக்கு ஆஸ்பத்திரிக்கா போனோம்" என்று மாமியார் கேட்டால் எதிர்த்துப் பேசவேண்டாம். "உங்களுக்கு அப்ப எப்படி இருந்துச்சுங்க அத்தை?" என்று கேட்டுப் பாருங்கள். யாரும் அவரிடம் இதுவரை கேட்டிருக்கமாட்டார்கள். அவருக்கு எந்த வயதில் நின்றது, எலும்பு முறிந்ததா என்பதைக் கேட்டதோடு, உங்கள் அம்மாவிடமும் அதே கேள்வியைக் கேளுங்கள். அம்மாவுக்கு நின்ற வயது உங்களுக்கும் ஓரளவு வழிகாட்டும், டாக்டரும் அதைக் கேட்பார்.

பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவர்கள் ஃபேன் பக்கம் அல்லது ஜன்னல் பக்கம் இடம் கேளுங்கள். ரத்தப்போக்கு அதிகமான நாட்களில் அந்த அரை ஷிப்டை விடுங்கள். பாத்ரூம் போகவேண்டுமே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள், தொற்று அங்கேதான் ஆரம்பிக்கும். சூப்பர்வைசர் ஆணாக இருந்து சொல்லக் கூச்சமாக இருந்தால், லைனில் இருக்கும் நாற்பதைத் தாண்டிய பெண்கள் நாலு பேராகச் சேர்ந்து போய்க் கேளுங்கள்.